அம்மாவிடம் சொல்லாமல் விற்கப் போட்ட வீடு

வீட்டை ஒரு போன் ஆப்பில் விற்கப் போட்டதற்கு அலுவலகத்தில் நான் சொன்ன காரணம், தரகுக் கூலி மிச்சம் என்பது. மனைவியிடம் சொன்ன காரணம், வெளியூர்க்காரர்களும் பார்ப்பார்கள், நல்ல விலை வரும் என்பது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் உண்மையான காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் தெருத் தரகரிடம் ஒரு வார்த்தை விட்டால் போதும், மறுநாள் காலையில் அவர் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தி, "என்னக்கா, வீட்டைக் குடுக்கப் போறீகளாம்ல?" என்று அம்மாவிடம் கேட்டுவிடுவார். ஆப்புக்கு வாய் கிடையாது. அதனால்தான் ஆப்.

வீடு வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அப்பா அதை அம்மா பெயரில் வாங்கினார். அப்பா போன பிறகு அங்கே அம்மாவும் தங்கையும் மட்டும் இருக்கிறார்கள். நான் மனைவி, மகனோடு கோரிப்பாளையம் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறேன். ஒரு தனியார் கல்லூரியின் அலுவலகத்தில் வேலை. வாடகை வீட்டுக்காரர்களின் தயவில் மூட்டை கட்டி மூட்டை அவிழ்த்து அலுத்துப்போய், கீழக்குயில்குடி போகிற வழியில் புதிதாகப் போட்ட ஒரு குடியிருப்பில் தனி வீடு வாங்க ஆசைப்பட்டேன். மாடியில் நின்றால் சமணர் மலை தெரியும் என்று அதே ஆப்பில் படம் போட்டிருந்தார்கள். என் சம்பளத்துக்கு வங்கி தருகிற கடனில் அந்த வீட்டின் வாசல்படி வரைக்கும்தான் போக முடியும். மீதிக்கு அம்மாவின் வீடு வேண்டும்.

என் திட்டம் ரொம்ப நியாயமானது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழைய வீட்டை விற்பது, புது வீட்டை வாங்குவது, அம்மாவையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு போய் எல்லோரும் ஒன்றாக இருப்பது. தேடும்போது எத்தனை படுக்கையறை என்று ஆப் கேட்டது. முதலில் மூன்று என்று தட்டினேன். வந்த விலைகளைப் பார்த்துவிட்டு இரண்டு என்று மாற்றினேன். தங்கை அம்மாவோடு படுத்துக்கொள்வாள், இல்லாவிட்டால் ஹாலில் படுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். தெப்பக்குளத்து வீட்டில் அவளுக்கென்று ஒரு அறை இருக்கிறது. தெருப் பக்கம் ஜன்னல், ஜன்னலை ஒட்டி மேஜை, சுவரில் அவளே வாங்கி மாட்டிய கண்ணாடி. அந்த அறையைப் பற்றி அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மா மாரியம்மன் கோயிலுக்குப் போன நேரத்தில், தங்கை வேலைக்குப் போயிருந்தபோது, என்னிடம் இருந்த சாவியில் கதவைத் திறந்து படம் எடுத்தேன். சொந்த அம்மா வீட்டுக்குள் திருடனைப் போல நுழைந்தவன் நானாகத்தான் இருப்பேன். எப்படி நின்று எடுக்க வேண்டும், எந்த விளக்கைப் போட வேண்டும் என்று ஆப் சொல்லிக் கொடுத்தது. ஏற்றிய படங்களை அதுவே சுத்தமும் செய்தது. கொடியில் கிடந்த துணி, நாள்காட்டி, அம்மாவின் கட்டில், கட்டிலுக்குக் கீழே இருந்த மாத்திரை டப்பா எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, யாருமே வாழாத ஒரு வீட்டை எனக்குக் காட்டியது. கீழே அதுவாகவே ஒரு வரி எழுதியிருந்தது: உடனே குடியேறலாம். அதைத் திருத்துவதற்கு ஒரு பென்சில் குறி இருந்தது. நான் தொடவில்லை.

அந்த நிறுவனத்துக்கு ஊரில் அலுவலகம் இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. ஒரு பெண் குரல் போனில் பேசும். "சார், நான் உங்க ரிலேஷன்ஷிப் மேனேஜர்" என்று ஆரம்பிக்கும். வாங்க வருகிறவர்கள் அவர்களாகவே நேரம் குறித்துக்கொண்டு வருவார்கள், கூட ஆள் வராது. விலை பேசுவதெல்லாம் ஆப்பில்தான், நேரில் பேசக் கூடாது. இதெல்லாம் எனக்கு அல்வா மாதிரி இருந்தது.

"வீட்ல குடியிருக்கிறவங்களுக்குத் தெரியும்ல சார்?" என்று அந்தப் பெண் கேட்டது.

"தெரியும்மா" என்றேன்.

மனைவி மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். "மொதல்ல அத்தைகிட்ட சொல்லுங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியாது." ஆள் அமைந்து விலை படிந்த பிறகு சொன்னால் போதும், வீணாக எதற்கு இப்போதே மனசைக் கலைப்பது என்று அவள் வாயை அடைத்தேன். கோழைகளுக்கு எப்போதும் அடுத்தவர் மனசின் மேல்தான் அக்கறை.

தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது முப்பத்தேழு. அண்ணா நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் தட்டச்சு செய்கிறாள். ஒரு காலத்தில் அவளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் குறைவில்லை. ஜாதகம் பொருந்தவில்லை, நகை போதவில்லை, நிறம் குறைவு என்று ஒவ்வொன்றாகத் தட்டிப்போனது. நடுவில் அப்பா படுத்துவிட்டார். அவர் படுத்துக் கிடந்த காலம் முழுக்க இரவில் கண் விழித்துப் பார்த்தவள் அவள்தான். கடைசியாக வந்தவர்கள் கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே, "இவுகளுக்குச் சின்னவுக யாரும் இருக்காகளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அன்று அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "இனிமே யாரு முன்னாடியும் காபியத் தூக்கிட்டு வந்து நிக்க மாட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு வரன் பேச்சு எடுக்க அம்மாவுக்கே துணிச்சல் இல்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அத்தனை வருஷத்தில் நானாக ஒரு வரன் கொண்டுவந்தது கிடையாது. அம்மா தரகர்களிடம் அலைவாள், கல்யாண வீடுகளில் விசாரிப்பாள். நான் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுவேன். "கூடப் பொறந்தவன், ஒரு எடம் நீயாப் பாத்துக் கொண்டாந்துருக்கியா?" என்று அம்மா எப்போதாவது கேட்பாள். வேலை, வேலை என்று சொல்லி எழுந்துவிடுவேன்.

ஆப்பில் வீட்டைப் போட்டுச் சில வாரங்களில் ஒரு குடும்பம் அமைந்தது. சோழவந்தான் பக்கத்துக்காரர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர், அவர் மனைவி. மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறார், அவருடைய மனைவியும் பிள்ளைகளும் அங்கேதான். மதுரையில் வீடு வாங்கிப் பெற்றவர்களைக் குடிவைக்க வேண்டும் என்பது மகனின் ஆசை. பெரியவர் என்னோடு போனில் பேசினார். வளர்பிறை ஞாயிற்றுக்கிழமை, நல்ல நேரத்தில் வருகிறோம் என்றார். "மொதத் தடவ காலடி எடுத்து வைக்கிறோம்ல தம்பி" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அம்மா முன்னால் விற்பனைப் பேச்சு வேண்டாம், அவர்களுக்கு மனசு கஷ்டமாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டேன்.

"அது எனக்குப் புரியாதா தம்பி? வாழ்ந்த வீடுல்ல. நாங்க மூச்சு விட மாட்டோம்" என்றார் அவர். நல்ல மனிதர்களை வைத்துக்கொண்டுதான் நம்மால் நன்றாகப் பொய் சொல்ல முடிகிறது.

பிறகு அம்மாவுக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வருகிறது, வீட்டைக் கொஞ்சம் ஒதுங்க வைத்திரு என்றேன்.

"யாருப்பா?"

"நல்ல குடும்பம்மா. சோழவந்தான் பக்கம். பையன் பெங்களூர்ல வேலை பாக்குறான்."

அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது. "நல்ல நேரம் பாத்துத்தான் வாராகளா?" என்று கேட்டாள்.

"ஆமா. பதினோரு மணிக்குள்ள வந்துருவாக."

"அப்ப தங்கச்சிய லீவு போடச் சொல்லணும்ல?"

"இருந்தா நல்லதுதான்" என்றேன். வருகிறவர்களுக்கு ஒரு வாய் காபி கொடுக்க ஆள் வேண்டும் என்பதுதான் என் நினைப்பு. இவ்வளவு பேசியும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். உறைக்கவில்லை. என் மண்டை முழுக்கச் சமணர் மலை தெரிகிற மாடிதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் போய் வண்டியை நிறுத்தும்போதே வாசலில் பெரிய கோலம். உள்ளே நெய் வாசனை. அடுப்படியில் கேசரி இறக்கியாகிவிட்டது, பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவி வைத்திருந்தது. ஹாலில் புது விரிப்பு. தங்கை அரக்கு நிறப் பட்டுப் புடவையில் அறைக்குள் நின்றுகொண்டிருந்தாள். அப்பா இருந்த காலத்தில் எடுத்த புடவை. அப்போதுதான் எல்லாம் புரிந்தது.

அம்மா என்னை மூலைக்கு இழுத்தாள். "ஏப்பா, முன்னாடியே வெவரமாச் சொல்லிருந்தா முறுக்காவது சுட்டு வச்சிருப்பேன்ல" என்று கடிந்துகொண்டாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "ஒங்கப்பா இருந்து செய்ய வேண்டியது. நீ செஞ்சுட்ட" என்றாள். கண் கலங்கியிருந்தது. ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அம்மா, இவர்கள் வீடு வாங்க வருகிறவர்கள். அவ்வளவுதான். வாயைத் திறந்தேன். "நேரமாச்சு, வந்துருவாக" என்றேன்.

தங்கை அறை வாசலுக்கு வந்து மெதுவாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அவுகளுக்கு என் வயசு தெரியும்ல?"

நான் அவளைப் பார்த்தேன். தலையை வகிடெடுத்துப் பின்னியிருந்தாள். அதற்கு மட்டும் பதில் வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்பதைப் போல நின்றாள்.

"தெரியும்" என்றேன்.

இந்தக் கதையில் நான் சொன்ன பொய்கள் பல. அவற்றில் எனக்கு மன்னிப்பே கிடையாது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொள்வது இந்த ஒரு சொல்லுக்குத்தான். வெளியே கார் வந்து நின்றது.

பெரியவர், அவர் மனைவி, மகன். வெறுங்கையோடு ஒரு வீட்டில் முதல் காலடி வைக்கக் கூடாது என்று அந்த அம்மாள் ஒரு பை நிறையப் பழமும், வெற்றிலை பாக்கும், வாழையிலையில் சுற்றிய மல்லிகைப் பூவும் கொண்டுவந்திருந்தார். அதைப் பார்த்ததும் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்கு வேண்டாம் என்றிருந்தது.

வந்தவர்கள் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்கள். வீட்டு விலை, விற்பனை என்று ஒரு எழுத்துக்கூட வெளியில் வரவில்லை. அதனாலேயே எல்லாம் கெட்டது. பெரியவர் "தண்ணி எப்படிம்மா?" என்று கேட்டார். "தெப்பத்துல தண்ணி நிக்கிறதுனால போர்ல கொறையே இல்லைங்க" என்றாள் அம்மா. "எம்பொண்ணு வெள்ளன எந்திரிச்சு எல்லாத் தண்ணியும் புடிச்சு வச்சிருவா" என்றும் சேர்த்துக்கொண்டாள். அந்த அம்மாள் அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு, நல்ல வெளிச்சமாக இருக்கிறது என்றார். "பஜ்ஜி அவ போட்டதுதான்" என்றாள் அம்மா. "அப்படியா" என்று அவர் சிரித்தார். அம்மா மகனைப் பார்த்து, "தம்பிக்கு அங்க சாப்பாடெல்லாம் எப்படி?" என்று விசாரித்தாள். அவர், "அதெல்லாம் பிரச்சனை இல்லைம்மா, வீட்டுச் சாப்பாடுதான்" என்றார். சமைக்கத் தெரிந்த பிள்ளை என்று அம்மா எடுத்துக்கொண்டிருப்பாள். நான் நடுவில் உட்கார்ந்து கேசரியை விழுங்கிக்கொண்டிருந்தேன்.

மகன் எழுந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். தங்கையின் அறைக்குள் போனதும் பையிலிருந்து அளவுநாடாவை எடுத்தார். பெரியவரை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லிச் சுவரை அளந்தார். நானும் கூட நின்றேன்.

"இந்தச் சுவரை எடுத்துட்டா ஹால் பெருசாயிரும்ல சார்?" என்று என்னைக் கேட்டார்.

திரும்பிப் பார்த்தால் அறை வாசலில் தங்கை. கையில் காபித் தட்டு. அவள் பார்வை அளவுநாடாவிலிருந்து பெரியவரின் விரலுக்குப் போனது. அங்கிருந்து தன் மேஜைக்கு, பிறகு எனக்கு. ஒரு நாளைக்கு எத்தனையோ பேரின் ரிப்போர்ட்டைத் தட்டச்சு செய்கிறவள். ஒரு வரியைப் பார்த்தாலே மீதி அவளுக்குத் தெரிந்துவிடும்.

"எடுத்துக்குங்க" என்று பெரியவர் முன் நீட்டினாள். மகனுக்கும் நீட்டினாள். "சீனி போதுமா?" என்று கேட்டாள். எனக்கு நீட்டியபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

எல்லோரும் ஹாலுக்கு வந்ததும் அந்த அம்மாள் பழத்தையும், சாமி படத்துக்கென்று பூவையும் எடுத்து அம்மா கையில் கொடுத்தார். ஒரு முழம் பூவைத் தனியாகக் கிள்ளி, "இத நீ வச்சுக்கம்மா" என்று தங்கையிடம் நீட்டினார். வீட்டில் இருக்கிற பெண்ணுக்குப் பூக் கொடுப்பது மரியாதை, அவ்வளவுதான் அவர் நினைத்தது. ஆனால் பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையைப் பெற்றவள் பூக் கொடுத்தால், பெண்ணைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த ஒருத்தரும் கொடுக்காத பூ அது.

"நீங்களே ஒங்க கையால வச்சு விடுங்க" என்றாள் அம்மா.

அந்த அம்மாளுக்குக் கொஞ்சம் திகைப்பு. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சரி, வயதானவர் ஆசையாகச் சொல்கிறார் என்று நினைத்திருப்பார். பூவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனார். எல்லாம் தெரிந்த தங்கை, தலையைக் குனிந்து காட்டினாள். அவர் கொண்டை ஊசியைத் தேடி, நிதானமாகப் பூவை வைத்துவிட்டார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். நான் இரண்டையும் செய்யவில்லை. இரண்டின் பெயரையும் ஒரே காலையில் கெடுத்தேன்.

வாசலில் காரில் ஏறும்போது பெரியவர், "புடிச்சிருக்கு தம்பி. ஆப்புல வெலையப் போட்டுர்றேன்" என்று தணிந்த குரலில் சொன்னார். அவர் மனைவி மட்டும் ஒரு நிமிஷம் நின்று, "தங்கச்சி நல்ல மாதிரியா இருக்கு. அவுக ரெண்டு பேரும் இனிமே எங்க இருப்பாக?" என்று கேட்டார். எங்களோடுதான் என்றேன். அவருக்கு அது நிம்மதியாக இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

உள்ளே போனேன். தங்கை பின்கட்டில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். பூவை எடுக்கவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். குழாயைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன்.

"அம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லவா?" என்றாள்.

"நானே சொல்றேன். ரெண்டு நாள் குடு."

"சரி."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் 'சரி'யை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயந்திரமே ஆப்பில் செய்தி வந்தது. திரையில் பூமழை கொட்டி, 'வாழ்த்துகள்' என்று எழுத்து மின்னியது. அவர்கள் சொன்ன விலை நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. ரிலேஷன்ஷிப் மேனேஜர் பெண் மறுநாள் கூப்பிட்டு, "ஓகே பண்ணிரலாமா சார்?" என்றது. வீட்டில் கலந்து சொல்கிறேன் என்றேன். அது ஒன்றுதான் நான் அந்தப் பெண்ணிடம் சொன்னதில் நியாயமான பேச்சு. அதையும் செய்யவில்லை.

அம்மா தினமும் காலையில் கூப்பிட்டாள். "அவுக ஏதும் சொன்னாகளாப்பா?" இன்னும் இல்லை என்பேன். "பூ வச்சுட்டுப் போனவுக சொல்லாம இருப்பாகளா? ஊருக்குப் போயி நாலு பேரக் கலந்துதான் சொல்லுவாக" என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொள்வாள். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டாள். ரவிக்கைத் துணி எடுத்து வைத்துவிட்டாள். ஒரு நாள், பையனுக்கு வயது எத்தனை, நம்ம பிள்ளையைவிட மூத்தவன்தானே என்று கேட்டாள். கல்லூரியில் ஆள் வந்துவிட்டது என்று போனை வைத்தேன். தங்கையிடம் கேட்ட இரண்டு நாள் எப்போதோ போய்விட்டது. அவள் கூப்பிடவும் இல்லை, நினைவுபடுத்தவும் இல்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் அம்மா என்னை உடனே வரச் சொன்னாள். குரல் சரியில்லை. ஆற்றுப் பாலத்து நெரிசலில் வண்டி ஊர்ந்தபோது, தங்கை சொல்லிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் பாதிப் பாரம் குறைந்தது என்றும் நினைத்தேன். என் யோக்கியதை அது.

உள்ளே நுழைந்ததும் அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தங்கை தரையில் சுவரில் சாய்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இவ வேணாங்குறா" என்றாள் அம்மா. "அந்தப் பையன இவளுக்குப் புடிக்கலையாம். நான் அவுக சொல்ற ஒரு வார்த்தைக்குக் காத்துக்கெடக்கேன், இவ என்னடான்னா, எனக்குப் புடிக்கல, காத்திருக்காதங்குறா. இவளுக்கு வந்து அமைஞ்சதே பெருசு. பூ வச்ச குடும்பத்தப் போயி வேணாம்னு சொல்ற திமிரு எங்கருந்துப்பா வந்துச்சு இவளுக்கு?"

தங்கை கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அம்மா காத்திருந்து காத்திருந்து கடைசியில் தன் பெண்ணை ஒருத்தரும் ஏற்கவில்லை என்று இன்னொரு தரம் உடைய வேண்டாம் என்று, அந்தப் பழியை இவள் தன் மேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள். என்னைக் காட்டியும் கொடுக்கவில்லை. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இதோடு முடிந்தது, இனிக் கல்யாணப் பேச்சு இல்லை, வீட்டுப் பேச்சை ஆறப்போட்டு ஒரு மாதம் கழித்து எடுத்துக்கொள்ளலாம் என்று மனசு கணக்குப் போட்டது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

அம்மா திட்டி ஓய்ந்தாள். ஓய்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு என்னைப் பார்த்து, வேறு குரலில் பேசினாள்.

"தம்பி, நான் ஒண்ணு சொல்றேன், கேப்பியா? இவளுக்கு ஏன் வேணாங்குதுன்னு எனக்குத் தெரியும். வெறுங்கையோட போயி நிக்கணும்ல, அந்தக் கூச்சம். இந்த வீட்டை வித்துரு. வித்து இவளுக்கு நல்லாச் செஞ்சு அனுப்பு. எனக்கு எதுக்குடா வீடு? ஒங்கூட ஒரு மூலையில கெடந்துட்டுப் போறேன். எங்க கையெழுத்துப் போடணுமோ சொல்லு, வாரேன்."

தங்கையின் கை நின்றது.

நான் இத்தனை நாளாக எந்த வார்த்தைக்குத் தரகரை ஒதுக்கி, படத்தைத் துடைத்து, பொய் மேல் பொய்யாக அடுக்கினேனோ, அந்த வார்த்தை அதுவாகவே வந்து மடியில் விழுந்தது. கேட்டிருந்தால் முதல் நாளே கொடுத்திருப்பாள். என் சட்டைப் பையில் போன் இருந்தது. அதில் சோழவந்தான்காரர்களின் விலை இன்னும் அப்படியே காத்துக்கொண்டிருந்தது. 'சரிம்மா' என்றால் போதும்.

தங்கை என்னைப் பார்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். சொல்லு என்றோ சொல்லாதே என்றோ அந்தப் பார்வையில் எதுவும் இல்லை. நான் என்ன செய்வேன் என்று தெரிந்துகொள்ளப் பார்த்தாள்.

சொன்னேன். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஆப்பில் போட்டது, சாவி போட்டுத் திறந்து படம் எடுத்தது, கீழக்குயில்குடி வீடு, வந்தவர்கள் வீடு வாங்க வந்தது, அந்த மகனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் இருப்பது, இவள் வேண்டாம் என்று சொன்னது எனக்காகவும் உனக்காகவும் சொன்ன பொய் என்பது. கன்னத்தில் ஒரு அறை விழும் என்று எதிர்பார்த்தேன். விழ வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன். என்னிடம் கேட்காமல் என் வீட்டை எப்படி விற்கப் போடுவாய் என்று கேட்பாள், அதற்குப் பதிலையும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

அம்மா வீட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"அப்ப அவுக இவளப் பாக்க வரலையா?" என்றாள்.

நான் தங்கையைத் திரும்பிப் பார்த்தேன்.

"இல்லம்மா" என்றாள் தங்கை. "வீட்டைத்தான் பாக்க வந்தாக."

வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை.

"வீட்டை வித்தா வித்துட்டுப் போடா. அது செங்கல்லு" என்றாள் அம்மா. "இவகிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல. மொத நாளு சாயந்திரம் வேலை முடிஞ்சு வர்றப்ப, நான் சொல்லாமலே, அவளா பார்லருக்குப் போயி புருவந் திருத்திக்கிட்டு வந்தாடா. அண்ணே கொண்டாந்த எடம்னு சொல்லிக்கிட்டே வந்தா."

"அம்மா, போதும்" என்றாள் தங்கை. ஆய்ந்த கீரையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். நான் எழுந்து பின்னால் போனேன். அவள் எனக்கு முதுகு காட்டி நின்று, கீரையைத் தண்ணீரில் அலசிக்கொண்டே, "சாப்ட்டுட்டுப் போறியா அண்ணே?" என்று கேட்டாள்.